மூடியிலிருந்து தொடங்கு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய படங்களும் குரல் பதிவும் கிடைத்தன. அப்பாவின் கடைக்குச் சுவரில் பதிக்கிற ஓப்பனர் ஒன்றைப் பழைய இரும்பிலேயே, உன் கையாலேயே செய்து தரப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். கேட்கவே நிறைவாக இருந்தது. சணலில் கட்டித் தொங்கவிட்ட ஓப்பனர்கள் அந்தக் கடையில் நிலைத்ததே இல்லை. கூட்ட நேரத்தில் மச்சான் மேசை விளிம்பில் வைத்து மூடியைத் தட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே தேவை இருக்கிறது. தேவை இருக்கிற இடத்தில் செய்கிற பொருள்தான் கைக்கு வேலை கற்றுத் தரும்.

ஆனால் நீ அனுப்பிய படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தண்டவாள ஆணியை வளைத்துச் செய்தது, பழைய ஸ்பேனரை வெட்டிச் செய்தது, லாரிப் பட்டையில் செய்தது எல்லாமே பார்க்க அழகு. எல்லாவற்றிலும் முதலில் இரும்பு கிடைத்திருக்கிறது, அதற்கு ஏற்றபடி ஓப்பனரைச் செய்திருக்கிறார்கள். நீ அந்த வழியில் போகாதே. மூடியிலிருந்து தொடங்கு. கடையில் சிதறிக் கிடக்கும் சோடா மூடிகளில் நசுங்காத சிலவற்றையும், மூடியோடு இருக்கும் நிறைந்த பாட்டில் ஒன்றையும், பாலிடெக்னிக்கில் வாங்கிய வெர்னியரையும் எடுத்துக்கொண்டு உட்கார்.

அந்த மூடியைச் செய்தவர் வில்லியம் பெயிண்டர். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக்காரர். 1892இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1872இல், இங்கிலாந்தில் ஹிரம் காட் என்பவர் கோலி சோடா பாட்டிலுக்கு உரிமை பெற்றிருந்தார். கோலி சோடாவை விரலாலோ ஒரு மரக்கட்டையாலோ அழுத்தினால் போதும், திறந்துவிடும். பெயிண்டரின் மூடி அப்படியல்ல. பாட்டில் வாயைப் பற்றிக்கொண்ட பிறகு வெறும் கையால் அசைக்கக்கூட முடியாது. அதனால் மூடியோடு திறப்பதற்கான கருவியையும் அவரே யோசிக்க வேண்டியிருந்தது. 1894இல் ஓப்பனருக்கும் காப்புரிமை எடுத்தார். முதலில் அந்த மூடிக்கு 24 பற்கள் இருந்தன. இப்போது உன் கையில் இருப்பதை எண்ணிப் பார், 21 இருக்கும். உள்ளே தக்கை இருந்த இடத்தில் இன்று மெல்லிய பிளாஸ்டிக் படலம். தகட்டின் கனம் கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பாட்டிலில் அழுத்திய பிறகு மூடியின் வெளிவிட்டம் ஏறக்குறைய 28.6 மி.மீ, உயரம் சுமார் 6 மி.மீ. நான் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளாமல் நீயே அளந்து எழுது. உன் வேலைக்கு ஆதாரம் இந்த இரண்டு எண்களும்தான்.

கையில் பிடிக்கும் ஓப்பனரில் பாட்டில் நிற்கும், ஓப்பனர் அசையும். சுவர் ஓப்பனரில் ஓப்பனர் நிற்கும், பாட்டில் அசையும். அதாவது நெம்புகோலே பாட்டில்தான். மூடியை இரண்டு இடங்கள் தொட வேண்டும். ஒன்று, பாவாடை போல விரிந்த பல்விளிம்பின் அடியில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும் விளிம்பு. மற்றொன்று, மூடியின் முகத்தில், நடுப்புள்ளியைச் சற்றே தாண்டி முட்டுக்கொடுக்கும் குமிழ். பாட்டிலின் அடியைக் கீழே அழுத்தினால் கொக்கி விளிம்பைப் பிடித்து இழுக்கும், குமிழ் முகத்தைத் தள்ளும், மூடி பிடியை விட்டுவிடும். சுவர் ஓப்பனர்களில் பேர்பெற்ற ஸ்டார் எக்ஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் ஊரில் பிரவுன் கம்பெனி வார்த்தது அது. 1925 ஏப்ரல் காப்புரிமை என்று அதன் உடம்பிலேயே எழுத்து இருக்கும். நூறாண்டு ஆகியும் அதன் வடிவத்தை யாரும் பெரிதாக மாற்றவில்லை. அதில் அலங்காரம் கிடையாது. கொக்கிக்கும் குமிழுக்கும் இருக்கும் தூரம் சரி, அவ்வளவுதான்.

இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 2 செ.மீ என்று வைத்துக்கொள். கை பிடிக்கும் இடம் மூடியிலிருந்து 20 செ.மீ தள்ளி. நீ 3 கிலோ விசையில் அழுத்தினால் மூடி விளிம்பில் அது 30 கிலோ ஆகிறது. கொக்கி தடிமனாக இருந்தாலோ உள்ளே அதிகம் நீண்டிருந்தாலோ அந்த 30 கிலோ தகட்டை விட்டுவிட்டுக் கண்ணாடியில் இறங்கும். பாட்டில் வாய் பிசிறும். குடிக்கிறவன் உதடு கிழியும், சில்லு சோடாவுக்குள் விழும். போவொண்டோ, பன்னீர் சோடா மாதிரி திரும்பப் போகிற பாட்டிலாக இருந்தால் வாய் உடைந்த காலி பாட்டிலைக் கம்பெனி எடுத்துக்கொள்ளாது, நட்டம் அப்பாவுக்கு. ஆகவே கொக்கி விளிம்பு 3 மி.மீ கனத்துக்கு மேல் வேண்டாம். பாட்டிலைத் தொடும் ஓரத்தை அரத்தால் உருட்டி விடு.

இனி இரும்புக்கு வருவோம். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். போகலாம், ஆனால் தெரிந்துகொண்டு போ. காந்தம் ஒன்றும் சின்ன அரம் ஒன்றும் பையில் இருக்கட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் அது பித்தளை, அலுமினியம் அல்லது பாத்திரம் செய்கிற வகை எவர்சில்வராக இருக்கும். அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கினால் அது கடினமாக்கிய எஃகு. லாரிப் பட்டை அந்த ஜாதி. கார்பன் கூடியது. நம் ஊர்களில் அரிவாள் அடிக்க அதைத்தான் தேடி வாங்குவார்கள். வெட்டு நிற்க வேண்டிய அரிவாளுக்கு அது பொருத்தம். உனக்கோ ஹாக்ஸா பிளேடு பிளேடாக முறியும், டிரில் முனை மழுங்கும். சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஓரிரவு ஆறவிட்டால் இளகும் என்பது உண்மைதான். ஆனால் கால் மில்லிமீட்டர் தகட்டை நெம்புவதற்கு அந்தப் பாடு அதிகம். வார்ப்பிரும்பும் வேண்டாம். மோட்டார் பம்ப் உடைந்த துண்டு நம் பக்கம் எங்கும் கிடைக்கும். அதை வளைக்க முயன்றால் வளையாது, உடையும். கிரைண்டர் வீலில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பார்க்கப் பழகு. மெத்தென்ற சாதா இரும்பில் வைக்கோல் நிறத்தில் நீளமான கோடுகள் பறக்கும். கார்பன் கூடக் கூடப் பொறி குட்டையாகி, நுனியில் பூத்துப் பூத்து வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பு, பக்கத்திலேயே அணைந்துவிடும்.

எடுக்கவே கூடாதவை சில. தண்டவாள ஆணி, ஃபிஷ் பிளேட் எதுவும் கையில் படவேண்டாம். பாதையோரத்தில் துருப்பிடித்துக் கிடந்தாலும் அது ரயில்வேயின் சொத்து. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்குக் காட்ட முடியாமல் வைத்திருந்தாலே குற்றம், முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. வெளிநாட்டில் கடையில் விலைக்கு விற்கிறார்கள் என்பது இங்கே பதில் ஆகாது. மின்கோபுரத்து ஆங்கிள், சாக்கடை மூடி இவற்றையும் தொடாதே. ஷாக் அப்சார்பர், பெட்ரோல் டேங்க், மூடிய டிரம் எதிலும் அறுக்கவோ சூடு காட்டவோ கூடாது. உள்ளே அடைபட்ட எண்ணெயும் ஆவியும் வெடித்து ஆளைக் கொன்றிருக்கின்றன. ஜி.ஐ. பைப்பை நெருப்பில் காட்டினால் துத்தநாகப் புகை வரும். அன்றிரவே குளிரும் காய்ச்சலும் ஆளை உலுக்கும். குரோமியம் பூசிய பளபளப்பான சாமான்களின் புகை அதைவிடக் கெட்டது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய கம்பி, கதவு என்றால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதே. ஈரத்துணியோடு சுரண்டு, சுரண்டியதைப் பொட்டலம் கட்டி அப்புறப்படுத்து. குடிக்கிற பொருளின் வாயருகே வரப்போகிற இரும்பு என்பதை மறக்காதே.

உனக்கு நான் சொல்வது, வெளியே தேடாதே. உங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் தாத்தாவின் வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டா கிடக்கிறது. டயர் வண்டி வாங்கிய பிறகு அதை யாரும் தொடவில்லை. பட்டறையில் வட்டமாக நெருப்பு மூட்டி, பட்டாவைச் சிவக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி ஆரங்களை இறுக்கிக்கொள்ளும், ஆணி பேருக்குத்தான். அந்த வேலைக்கு வளைகிற, அடி தாங்குகிற மெத்து இரும்பு வேண்டும். உனக்கும் அதேதான் வேண்டும். வெளிமுகம் பாதையில் உரசி மேடு பள்ளமாக இருக்கும். உள்முகத்தைத்தான் அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய ஆணித் துளைகளுக்குப் பக்கத்தில் புதுத் துளை போடாதே. துளையின் நடுவிலிருந்து ஓரம் வரை, துளை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இரும்பு இருக்க வேண்டும்.

வெல்டிங் இல்லாமலே செய்துவிடலாம். என் மனதில் இருப்பது இதுதான். பட்டாவில் 16 செ.மீ துண்டு ஒன்று. அதில் கீழ் 10 செ.மீ சுவரோடு ஒட்டி நிற்கும். மேல் 6 செ.மீ சுவரைவிட்டு 45 டிகிரி முன்னால் சாய்ந்திருக்கும். சாய்வு ஏன் என்றால், நேராக நின்றால் பாட்டிலைப் படுக்கை வசத்தில் நுழைக்க வேண்டியிருக்கும், திறந்ததும் பாதி சோடா சட்டையில் ஊற்றும். இந்த ஒரு வளைவை ஊர்க் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி வளைத்து வாங்கு. துண்டைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்காதே, எந்தச் சிவப்பில் வெளியே எடுக்கிறார், எங்கே முதல் அடி போடுகிறார் என்று பக்கத்தில் நின்று பார். பாலிடெக்னிக் புத்தகத்தில் வெப்பநிலை எண்ணாக இருக்கும், அவருக்கு அது நிறமாகத் தெரியும். இரண்டும் உனக்கு வேண்டும்.

சாய்ந்த பகுதிக்கு முன்னால், 3 மி.மீ கனமுள்ள ஒரு முகத்தகடு. பழைய ஜன்னல் கிரில்லில் 5 செ.மீ அகலப் பட்டை கிடைத்தால் போதும். அதன் கீழ் ஓரத்தில் 30 மி.மீ அகலத்துக்குப் பிறைபோல் ஒரு வெட்டு, பாட்டில் கழுத்து அதில் வந்து உட்காரும். வரிசையாகத் துளை போட்டு உளியால் தட்டி எடுத்துவிட்டு அரத்தால் வட்டம் கூட்டு. பிறையின் உச்சிதான் உன் கொக்கி. உச்சிக்கு மேலே 12 மி.மீ தள்ளி இரண்டு 8 மி.மீ போல்ட்டு. பின்தகட்டுக்கும் முகத்தகட்டுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டு நட்டும் ஒரு வாஷரும் அடைகொடுத்தால் சுமார் 15 மி.மீ இடைவெளி கிடைக்கும். மூடி அந்த இடைவெளிக்குள் கீழிருந்து மேலே ஏறும். குமிழுக்குத் தலை உருண்டையான கோச் போல்ட்டு ஒன்றைப் பின்தகட்டில் போடு, பிறை உச்சியிலிருந்து 18 முதல் 20 மி.மீ கீழே. அதற்கு வட்டத்துளை போடாமல் மேலும் கீழும் நகர்த்துகிற மாதிரி நீளத்துளை போடு. தலைக்கு அடியிலுள்ள சதுரக் கழுத்து அந்தத் துளையில் சுற்றாமல் நிற்கும். சரியான இடம் நான் சொல்கிற எண்ணில் இல்லை, நீ திறந்து பார்க்கிற பாட்டிலில்தான் இருக்கிறது. நகர்த்தி நகர்த்திப் பார்த்து, மூடி மடங்காமல் ஒரே அழுத்தில் வருகிற இடத்தில் இறுக்கு. இரும்பை அறுக்கும் முன் இதையெல்லாம் கெட்டி அட்டையில் ஒருமுறை வெட்டிப் பார்த்துவிடு.

அறுக்கும்போதும் துளைக்கும்போதும் துண்டு வைஸில் இருக்க வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு துளை போடுகிற பழக்கம் உன் வயதில் தைரியமாகத் தெரியும். டிரில் முனை தகட்டைத் தாண்டி வெளியேறுகிற நொடியில் தகடு சுழன்று விரலை அறுத்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள். டிரில்லுக்குக் கையுறை போடாதே, துணியை இழுத்துக்கொள்ளும். துப்பட்டாவைக் கழற்றி வை, முடியை முடிந்து உள்ளே செருகு. பட்டறையில் ஆண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான், அவர்கள் சட்டைக் கையை மடித்திருக்கிறார்களா என்று நீயும் பார்.

துருவை எடுக்கக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருகிற சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்து ஓரிரவு ஊறவிடு. காலையில் பிரஷ்ஷால் தேய்த்து, சலவை சோடாத் தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் வை. பெயிண்ட் அடிக்கலாம் என்று உன் தம்பி சொல்வான், வேண்டாம். மூடி உரசி உரசிப் பெயிண்ட் உரிந்து பாட்டில் வாயில் விழும். அம்மா புது தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி செய்: இரும்பைச் சூடாக்கி, ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசித் துடைத்து, புகைந்து அடங்கும்வரை காய்ச்சு, ஆறியதும் மறுபடி. தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது, அது காய்ந்து படலமாகாமல் பிசுக்கிட்டுத் தூசி பிடிக்கும். சக்கரம் பாதையில் உரசிய தழும்புகளை மழுங்கத் தேய்த்துவிடாதே, விளிம்புகளை மட்டும் உருட்டு.

பாதி வேலை சுவரில் இருக்கிறது. பலர் ஓப்பனரை நன்றாகச் செய்துவிட்டு இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பாட்டிலை அழுத்தும்போது தகட்டின் மேல்பகுதி சுவரைவிட்டு வெளியே வரப் பார்க்கும், அடிப்பகுதி சுவருக்குள் அழுந்தும். ஆகவே முழு இழுவையும் மேல் ஸ்குரூவுக்கு. முன்பு சொன்ன 3 கிலோ, 20 செ.மீ கணக்கையே எடுத்துக்கொள். மேல் ஸ்குரூவிலிருந்து தகட்டின் கீழ் ஓரம் 5 செ.மீ என்றால் ஸ்குரூவை 12 கிலோ இழுக்கும். 10 செ.மீ என்றால் 6 கிலோ. தகட்டைக் கீழே நீளமாக விடச் சொன்னது அதற்காகத்தான். மேல் ஸ்குரூவை வளைவுக்கு எவ்வளவு பக்கத்தில் போட முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போடு. இந்த இழுவை ஒரு நாளில் எத்தனை முறை வரும் என்பது அப்பா விற்கிற பாட்டில் கணக்கு.

கடையின் முன்பக்கம் பலகை, பக்கச்சுவர் செங்கல். பலகையில் வைப்பதானால் ஸ்குரூ போதாது. போல்ட்டை ஊடுருவவிட்டுப் பின்பக்கம் அகலமான இரும்புத்துண்டு வைத்து நட்டு முடுக்கு. செங்கலில் வைப்பதானால் பூச்சை நம்பாதே. துளை பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் 5 செ.மீயாவது போக வேண்டும், இரண்டு கல்லுக்கு நடுவேயுள்ள சாந்தில் விழக் கூடாது. 8 மி.மீ ராவல் பிளக் போடு. தூசியை ஊதி எடுத்த பிறகு பிளக்கை இறக்கு. துளை போடும் முன் அந்தச் சுவரில் கரண்டு வயர் ஓடுகிறதா என்று அப்பாவிடம் கேள். உயரம் அப்பாவின் முழங்கை மட்டத்துக்கு இருக்கட்டும், கல்லாவிலிருந்து எட்டுகிற தூரத்தில். நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ஓடி வருகிற பிள்ளைகளின் முகத்துக்கு வரும். கீழே மூடி விழுவதற்கு ஒரு தகரப் பெட்டி கட்டாயம் வை. அதன் ஓரங்களை மடித்து அடித்துவிடு. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வாசலில் எத்தனை வெறுங்கால்கள் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். சேர்ந்த மூடிகளைப் பழைய இரும்புக் கடைக்கே எடைக்குப் போடலாம்.

பெயிண்டரைப் பற்றி இன்னொன்று. அவருடைய கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர்தான் பின்னாளில் சவர பிளேடால் பேர்பெற்ற கில்லெட். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பொருளாகப் பார்த்துச் செய், வாங்கியவன் திரும்பத் திரும்ப வருவான் என்று பெயிண்டர் அவருக்குச் சொன்னாராம். வியாபாரத்துக்கு அது பெரிய யோசனையாக இருக்கலாம். நீ படித்து முடித்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்த யோசனை உன்னிடம் வந்து நிற்கும். அதற்கு முன்னால், தலைமுறை கடந்து நிற்கிற ஒரு பொருளைச் செய்த அனுபவம் உன் கைக்கு இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். எறிகிற மூடிக்கு எதிரே, எறியாத ஓப்பனர். தாத்தா ஓட்டிய வண்டியின் இரும்பு அப்பாவின் கடையில் நிற்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். செய்து முடித்ததும் ஆசைப்பட்டு உடனே அப்பாவிடம் கொடுத்துவிடாதே. ஒரு பெட்டி பாட்டிலை நீயே திறந்து பார். ஒவ்வொரு பாட்டில் வாயிலும் விரல் வைக்காமல் பஞ்சை உருட்டித் தடவு. கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் பஞ்சின் நூல் மாட்டிக்கொள்ளும். ஒரு பாட்டிலில் மாட்டினாலும் கொக்கியை இன்னும் தேய், குமிழை நகர்த்து, மறுபடி திற. ஒன்றிலும் பஞ்சு மாட்டாத அன்றைக்கு மேல் ஸ்குரூவை முடுக்கிவிட்டு எனக்குப் படம் அனுப்பு. திறந்த சோடாவை வீணாக்க வேண்டாம், தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடு. கணக்கை மாமா தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா